ஏகாம்பரம் வீட்டு டி.வி.யில் எப்போதும் பச்சை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து வீட்டுக்குத் தளம் போட்டார்கள். போட்டார்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன்... அன்றைக்குப் பட்ட பாடு இருக்கிறதே! எல்லாவற்றுக்கும் காரணம், டி.வி.யில் புதுசாக வந்திருக்கிற வானிலைப் படம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனை வருஷமாக ஒரு வரைபடம், அதில் நாலு கோடு. ஒரு அம்மா பொறுமையாக, 'ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை' என்று படிப்பார். நாம் கேட்டும் கேட்காமலும் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விடுவோம். இப்போது அப்படியா? நாடு முழுக்க வண்ணம் பூசிவிட்டார்கள். மழை இல்லாத இடம் பச்சை. கொஞ்சம் தூறும் என்றால் மஞ்சள். கொட்டப்போகிறது என்றால் சிவப்பு. குளிருக்கு நீலம். மேலே குட்டிக் குட்டி மேகங்கள் நகர்கின்றன. சூரியனுக்குச் சிரித்த முகம் வேறு!

இந்தப் படம் வந்த மறுநாளே ஸ்ரீபெரும்புதூர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. 'ஷோக்கா கீது' என்று ஒரு கட்சி. 'மழைய சொல்லச் சொன்னா பொம்மை காட்றான்' என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் தேர்தல் நேரத்தில்கூட இத்தனை சூடு இருந்ததில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஃபேக்டரியில் வேலை செய்யும் சுடலை என்பவருக்குத் தனிக் கோபம். "என்னவே படம் போடுதான்? எங்க ஊருக்கு மேலேயே எழுத்து ஓடுது. அங்க மழையா வெயிலான்னு எப்படித் தெரியும்?" என்று டீ கிளாஸைத் தட்டி வைத்தார். நியாயம்தானே? அவர் ஊர்க்காரர்கள் வரி கட்டவில்லையா என்ன?

எனக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை. காரணம், பொறாமை. எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளை டி.வி. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாமே எங்களுக்குச் சாம்பல். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே சாம்பல்! "தேசிய ஒருமைப்பாடுன்னா இதுதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மட்டும் அந்தப் படத்தை உயிராக நேசித்தான்.

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் லைனில் நிற்கிறவன். அக்கா, அக்கா என்று என்னிடம் உயிரை விடுவான். அவன் மனைவி தனலட்சுமி பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள், குழந்தைக்கு ஆறு மாசம் ஆகியும் வாலாஜாபாத்தை விட்டு வரவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. போன வருஷ மழையில் அவர்களுடைய கூரை வீடு ஒழுகிய ஒழுகலில், வயிற்றுப் பிள்ளையோடு விடிய விடியப் பாத்திரம் மாற்றி மாற்றி வைத்தவள் அவள். போகும்போது என் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். "ஒழுகாத வூடு கட்டு. அப்பறம் வர்றேன். எம்புள்ளைய நனைய வுட மாட்டேன்."

அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்கு ஓய்வே கிடையாது. ஷிஃப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் செங்கல் சுமப்பது. குடிசைக்கு முன்னால் நாலு சுவர் எழுந்துவிட்டது. மேலே தளம்தான் பாக்கி. கலவையை அடியில் தாங்குகிற சென்ட்ரிங் பலகை கிடைக்க இத்தனை நாளாகி, கடைசியில் ஐப்பசியில் வந்து நின்றது. ஐப்பசியில் யாராவது தளம் போடுவார்களா? அடை மழைக் காலத்தில்?

"அக்கா, டி.வி.ல பார்த்துட்டேன். நம்ம பக்கம் பச்சை" என்றான்.

மறுநாள் கேட்டேன். "இன்னிக்கும் பச்சைதான் அக்கா."

அதற்கடுத்த நாளும் பச்சை. அந்த வாரம் முழுக்க வெயில் சுள்ளென்று அடித்தது வேறு. கேட்க வேண்டுமா? ஏகாம்பரத்தின் டி.வி. எங்கள் தெருவுக்கே ஜோசியர் ஆகிவிட்டது. வடகம் போடலாமா, போர்வை துவைக்கலாமா என்று பெண்கள் அவன் வீட்டு வாசலில் வந்து கேட்டுப் போனார்கள். ஏகாம்பரமும் பஞ்சாங்கம் படிக்கிற ஐயர் மாதிரி, "தாராளமா போடு" என்று உத்தரவு கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தான். கம்பி கட்டியாகிவிட்டது. ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் இறங்கிவிட்டன. அவன் லைன் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குத் தளம் போட்டாலும், லீவு நாளில் எல்லாரும் போய்க் கலவைச் சட்டி தூக்குவார்கள். கூலி பேச்சே கிடையாது, மத்தியானம் பிரியாணி. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அதே லைனில் நிற்கிற சுடலை உள்பட எல்லாரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை நான் பூந்தமல்லியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுசாகக் கலர் டி.வி. வாங்கியிருக்கிறாள், நான் வந்து பார்க்காத வரையில் அவளுக்குத் தூக்கம் வராது. செய்தி வாசித்த அம்மாவின் புடவை என்ன பார்டர் என்பது வரை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். வானிலை வந்தது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் — கரையோரம் பூராவும் ரத்தச் சிவப்பு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது எத்தனை நாளா சிவப்பு?" என்றேன்.

"நேத்து வரைக்கும் பச்சை. இன்னிக்குத்தான் சிவப்பு. கலர் எவ்ளோ நேச்சுரலா இருக்கு பாருங்க அண்ணி!"

நேச்சுரலாம், நேச்சுரல்! காபியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். நாத்தனார் அதற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏகாம்பரம் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுத்த செய்தி முடிந்து அதே படம் ஓடிக்கொண்டிருந்தது. "பார்த்தியா அக்கா, பச்சை!" என்றான், நான் வாயைத் திறக்கும் முன்பே.

உண்மைதான். பச்சையாகத்தான் இருந்தது. தமிழ்நாடு பச்சை, கேரளா பச்சை, கடல்கூடப் பச்சை. நடு இந்தியா பூராவும் ரோஸ். மேலே காஷ்மீர், டெல்லி எல்லாம் நீலம். படம் முடிந்து அறிவிப்பாளர் வந்தார். அவருக்கும் நெற்றி நீலம், கன்னம் ரோஸ், கழுத்துக்குக் கீழே பச்சை!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் வைத்திருப்பதும் எங்களுடையதைப் போலக் கறுப்பு வெள்ளை டி.வி.தான். அதன் முன்னால் மூன்று வண்ண பிளாஸ்டிக் தாள் ஒன்றை மாட்டி, கலர் டி.வி. ஆகிவிட்டதாகவே நம்பியிருந்தான். கடையில் விற்கிறதே... மேலே வானத்துக்கு நீலம், நடுவில் முகத்துக்கு ரோஸ், கீழே புல்லுக்குப் பச்சை. நாம் இருப்பது நாட்டின் கீழ்ப்பக்கம். பிரளயமே வந்தாலும் அந்த டி.வி.யில் நமக்குப் பச்சைதான்!

கிட்டே போய்த் தாளின் கீழ் முனையைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே சாம்பல்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவம், உட்கார்ந்தே விட்டான்.

"அப்ப மெய்யான கலர் இன்னாக்கா?"

"சிவப்பு."

எட்டி அந்தத் தாளைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு, "நாளைக்கு வுட்டா மேஸ்திரி வேற சைட்டுக்குப் பூடுவாரு. தை மாசம்தான் வருவாரு. அது வரைக்கும் அவ வரமாட்டா அக்கா. புள்ளைக்கு என் மூஞ்சியே தெரியாது" என்றான். "போட்டுட்றேன். வர்றது வரட்டும்."

தடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதே ஏகாம்பரத்தை ஒரு வாரமாக மனசுக்குள் கேலி செய்துகொண்டிருந்தவள் நான். ஒன்று சொல்லுங்கள் — நமக்குப் பிடித்த பதிலைச் சொல்கிற ஜோசியரை நாம் யாராவது சந்தேகப்பட்டிருக்கிறோமா? பிடிக்காததைச் சொன்னால்தானே இன்னொரு ஜோசியரைத் தேடிப் போவோம்?

ஞாயிறு விடிந்ததுமே லைன் ஆட்கள் வந்துவிட்டார்கள். மிக்சர் மெஷின் கடகடவென்று ஓட, சட்டி கை மாறிக் கை மாறி மேலே போனது. காலையில் வெயில் இருந்தது. "கலராவது மண்ணாவது! நா சொன்னேம்லா, அது பொம்மைப் படம்" என்று சுடலை ஏணியில் நின்றுகொண்டு பேசினார். உச்சி வேளைக்குக் கடைசிச் சட்டியும் போய்விட்டது. மேஸ்திரி மட்டப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது யாரோ கத்தினார்கள். "செம்பரம்பாக்கம் பக்கம் பாரு. கறுத்துக்கினு வருது!"

எல்லாரும் கிழக்கே திரும்பினார்கள். மேஸ்திரி பலகையைக் கீழே போட்டார். "இப்ப கொட்டிச்சுன்னா சிமெண்ட் பால் மொத்தமும் கரைஞ்சு ஓடிடும்பா. ஜல்லிதான் மிஞ்சும். மூடுறதுக்கு இன்னா வெச்சிகிற?"

ஏகாம்பரத்திடம் என்ன இருந்தது? காலி சிமெண்ட் சாக்கு. அதை விரித்தால் தளத்தில் கால்வாசிகூட மூடாது. நான் வீட்டுக்கு ஓடி ஜமுக்காளத்தையும் பாயையும் இழுத்துக்கொண்டு வந்தேன். மழைக்கு ஜமுக்காளம்! அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

தெருமுனையில் ஒரகடம் வழியாக வருகிற பஸ் நின்றது. அதிலிருந்து இறங்கினாள் தனலட்சுமி. இடுப்பில் குழந்தை. பின்னாலேயே கண்டக்டர் ஒரு பெரிய தார்ப்பாய்ச் சுருட்டை உருட்டித் தள்ளினார். அவளுடைய அப்பா களத்தில் நெல் மூடுகிற தார்ப்பாய்.

வாசலில் நின்ற என்னிடம் குழந்தையை நீட்டினாள். "இவனைப் புடி அக்கா." நலம்கூட விசாரிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னா பார்த்துகினு நிக்கிறீங்க? தூக்குங்க!" என்று ஆண்களை அதட்டினாள். சுடலையும் இன்னும் நாலு பேரும் தார்ப்பாயை மேலே ஏற்றினார்கள். அவளும் ஏறினாள். ஓரங்களில் செங்கல்லை வைத்து முடிப்பதற்கும் முதல் சொட்டு விழுவதற்கும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு கொட்டியது பாருங்கள்... எதிர் வீடு கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் குழந்தையை அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆட்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். பொழுது சாயும் நேரம் மேஸ்திரி மேலே போய், தார்ப்பாயைத் தூக்கிக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "புடிச்சிக்கிச்சு. இனிமே மழை எவ்ளோ பேஞ்சாலும் நல்லதுதான்" என்றார்.

ஏகாம்பரம் அதற்குப் பிறகுதான் மனைவியிடம் பேசினான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வூட்டு கலர் டி.வி.ல செவப்பு போட்டாங்க. நீ ஞாயித்துக்கெழமை தளம் போடறன்னு அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிச்சிருந்தியே. மூடறதுக்கு நீ ஒண்ணும் வெச்சிருக்க மாட்டேன்னு தெரியும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "நாளைக்கு ஊருக்குப் பூடுவியா?"

"எப்படிப் போறது? தளம் வெடிக்காம இறுகணும்னா தெனம் தண்ணி கட்டணும். நீ ஷிஃப்ட்டுக்குப் பூட்டா யாரு கட்டுவா?" என்றாள், குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே.

அந்தத் தார்ப்பாய் இப்போது பின்னால் இருக்கும் குடிசையின் கூரை மேல் ஏறிவிட்டது. மூன்று பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை, இதை எழுதுகிற வரையில் விடவில்லை. தளத்தில் தண்ணீர் தானாகத் தேங்கி நிற்கிறது. தனலட்சுமிக்கு ஒரு குடம் தூக்குகிற வேலைகூட இல்லை.

ஆனாலும், அவள் வாலாஜாபாத் பஸ் ஏறுகிற வழியாகக் காணோம்!