மரத்துப் பால்

மாமியார் அடிக்கடி அடுப்பை அணைக்க மறந்தார். பயந்துபோய் ஈப்போ நகரக் கிளினிக்கில் ஞாபகசக்திப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரும் தமிழ்ப்பெண்தான். "பால் எதுலருந்து கிடைக்குதும்மா?"

"மரத்துலருந்து."

டாக்டரின் பேனா நின்றது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் மரம் சீவிப் பால் வெட்டியவராயிற்றே!

"குடிக்கிற பாலக் கேக்குறாங்க, அத்தை."

"அத மொதல்லயே சொல்லலாம்லா? மாட்டுலருந்துதான்!"

டாக்டர் சிரித்துவிட்டார். மீதிக் கேள்விகளை விளக்கிக் கேட்டார், அத்தை தடுமாறவேயில்லை.

"வயசுக்கு உள்ள மறதிதான், பயப்படாதீங்க."

வீட்டில் டீ கொடுத்தேன். "இது எந்தப் பாலு?" என்று கண்ணடித்தார்.

இப்போதெல்லாம் அத்தை விசித்திரமாக எதையாவது சொன்னால், நான் என்ன கேட்டேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.