டீசல் வீட்டில் ஒரு பெட்ரோல் கார்

பழைய கார் விற்கும் எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "பெட்ரோலா, டீசலா?" என்றுதான், கடைசிவரை காதில் போட்டுக்கொள்ளாமல் போவது அதற்கு நாங்கள் சொல்லும் பதிலை.

நான் சுமதி. வீடு எம்.கே.பி. நகர். வேலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் யார்டில். வாசலில் ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து உள்ளே வருகிறவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சார் யாரும் இல்லியா?" என்பார். சார், மேடம் எல்லாம் நான்தான் என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு. அப்புறம் அந்தக் கேள்வி.

பதில் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தினமும் நெடுந்தூரம், நல்ல ரோட்டில், ஒரே ஓட்டமாகப் போகிறவருக்கு டீசல். வீடு, மார்க்கெட், ஸ்கூல் என்று நின்று நின்று போகிறவருக்குப் பெட்ரோல். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு, என்னிடம் தலையாட்டல் வாங்கத்தான் வருகிறார்கள். புடவைக்கடையில் "இந்தக் கலர் உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும்.

கொஞ்ச நாள் முன்பு எங்கள் யார்டில் இரண்டு சின்ன கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல். வெள்ளை பெட்ரோல், சாம்பல் டீசல். அந்த இரண்டும் என்னைப் படுத்திய பாடுதான் இது.

வாக்கிங் போன கார்

சாம்பல் டீசல் எங்களிடம் வந்ததே ஒரு கதை. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் ரமணி சார் அதன் பழைய ஓனர். அவர் கார் ஓட்டுவது ஃபிளாட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை, திரும்ப ஃபிளாட் வரை. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மைலேஜ் மைலேஜ் என்று டீசலையே வாங்கிப் போனார். இப்போது வரும் டீசல் கார்களில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறது. கொஞ்ச நேரமாவது விரட்டி ஓட்டினால்தான் அதில் சேரும் கரி எரியும். தெருவுக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்தால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும்.

இவர் காரும் விளக்கைப் போட்டது. வாரத்தில் ஒரு நாள் ஹைவேயில் ஓட்டுங்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ரமணி சார் குளித்து, விபூதி பூசி, காரை ஆந்திர எல்லையில் இருக்கும் தடா வரை கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். வேலை எதுவும் கிடையாது. போவார், டீ குடிப்பார், திரும்புவார். கொஞ்ச நாளில் அலுத்துப்போய்க் காரை எங்களிடமே திருப்பி விற்க வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தார். நான் "ஏன் மேடம், நல்ல வண்டியாச்சே" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

"குப்பைமேட்டுப் புகையில நானும் பசங்களும் தெனம் மூச்சு முட்டிக்கிட்டுக் கெடக்கோம், ஒரு நாள் எங்கள வெளிய கூட்டிட்டுப் போனதில்ல. காருக்கு மூச்சு முட்டுதுன்னதும் வாராவாரம் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறாரு!"

உயிரோடு இருக்கிறதா?

அடுத்து வந்தவர் ராயபுரம் சேவியர் அய்யா. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக ஒரு கார் வேண்டுமாம். சர்ச்சோ அவர் வீட்டுக்குப் பின்தெருவில். பெட்ரோலே அதிகம், நடந்தே போகலாம் என்று சொல்லத் தோன்றியது. வயிற்றுப் பிழைப்பை நினைத்து அடக்கிக்கொண்டு, டீசல் மட்டும் வேண்டாம் என்று சொன்னேன்.

சாம்பல் டீசலை ஸ்டார்ட் செய்தேன். அய்யா பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அப்படியே நின்றார். முகத்தில் ஒரு திருப்தி. "இது வண்டி" என்றார். பிறகு வெள்ளை பெட்ரோலை ஸ்டார்ட் செய்தேன். கை வைத்தார், காதை வைத்தார். பிறகு என்னையே பரிதாபமாகப் பார்த்தார். "ஓடிக்கிட்டுதான் இருக்கு அய்யா" என்றேன்.

"நீ தாம்மா சொல்ற, ஓடுதுன்னு. அது சொல்லலியே!"

யாருக்கு வண்டி?

அஞ்சலை அக்கா வந்தபோது மட்டும் அந்தக் கேள்வியே வரவில்லை. "பின்சீட்டு மடங்குமா? ஐஸ் பெட்டி உள்ள போவுமா?" என்றுதான் கேட்டார். கத்திவாக்கம் மீனவர் குப்பத்துக்காரர். விடிகாலையில் காசிமேடு மீன்பிடி ஹார்பரில் ஏலம் எடுத்து, எண்ணூர்ப் பக்கம் வீடு வீடாக மீன் விற்கிறவர். மீன் கூடையைப் பார்த்ததும் பஸ்ஸில் "எறங்கு" என்பார்களாம். ஷேர் ஆட்டோவில் கூட உட்காரும் ஆட்கள் மூக்கைப் பொத்தினால், டிரைவரும் "எறங்கும்மா" என்பாராம். ஒரு நாள் மழையில், பாதி வழியில், கூடையோடு இறக்கிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. இந்த அக்கா இனி யார் சொல்லியும் பாதி வழியில் இறங்கக் கூடாது என்று மனதுக்குள் சபதமே போட்டேன்.

கூட வந்த அவர் வீட்டுக்காரர் ஏழுமலை, சொந்தமாக மீன்பிடிப் படகு, அவர் பேச்சில் போட்டு, வைத்துக் கடலுக்குப் போகிறவர். அவருக்கு டீசல்தான் தெய்வம். போட்டுக்கு டீசல், ஜெனரேட்டருக்கு டீசல், வீட்டில் மூலைக்கு மூலை டீசல் கேன். "காத்துல, மழையில என்னிய கரைக்கு இட்டாந்து வுட்றது டீசல் இன்ஜின் தாம்மா. பெட்ரோல் சொம்மா பறந்து பூடும்" என்றார். அவர் நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு காரையும் அக்காவிடமே கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

வெளியே வழக்கம்போல் கன்டெய்னர் வரிசை. ஒரு அடி நகர், நில். ஒரு அடி நகர், நில். டீசலின் கிளட்ச் கொஞ்சம் கனம். நாள் முழுக்க நின்று மீன் வெட்டுகிற அக்காவின் இடது முட்டி தேரடி வருவதற்குள் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. பெட்ரோல் வண்டியில் போய்த் திரும்பியவர், இறங்கியதும் அதன் கதவைத் தடவிக்கொடுத்தார். ஏழுமலை மறுபடியும் டீசல் புராணத்தை ஆரம்பித்தார். அக்கா பாதியில் நிறுத்தினார்.

"யோவ், கடலுக்கு நீ போ, டீசல் ஊத்திக்கினு போ. ரோட்டுல போப்போறது நானு. என் முட்டிய கேட்டு தான் வாங்குவேன்."

பாசத்தில் ஊற்றியது

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியைக் கொடுக்கும்போது அடுத்த பங்க் வரை போகிற அளவுக்குத்தான் டேங்கில் விடுவோம். ஊரில் எந்த யார்டிலும் இதுதான் கதை. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, அக்கா வெள்ளைக் காரை ஓட்டிப்போனபோதும் அப்படித்தான். வீட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் போட்டுக்கொண்டதோடு சரி.

மறுநாள் காலை ஏலத்துக்கு முதல் பயணம். ஹார்பர் பங்கில் போட்டுக்கு டீசல் பிடிக்க வேண்டும் என்று ஏழுமலையும் காலி கேன்களோடு ஏறிக்கொண்டார். அக்கா ஏலத்தில் நின்ற நேரத்தில் அவர் கேன்களை நிரப்பிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்திருக்கிறார். டேங்க் முள் கீழே கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி வாங்கிய முதல் கார், முதல் நாள். நாம் ஒன்றுமே செய்யவில்லையே என்று மனசு உறுத்தியிருக்கிறது. மறுநாள் கடலுக்குப் போகப் பிடித்த டீசலில் ஒரு முழு கேனைத் திறந்து, புனல் வைத்து, சிந்தாமல் ஊற்றிவிட்டார்.

ஹார்பர் கேட்டைத் தாண்டியதும் கார் இருமியது, வெள்ளையாகப் புகைவிட்டது, நின்றது. நின்ற இடம், அக்காவை "எறங்கும்மா" என்ற அதே ஷேர் ஆட்டோக்காரர்களின் ஸ்டாண்டு. பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது. டிக்கியில் இறால், ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. போன் வந்ததும் நானும் எங்கள் மெக்கானிக்கும் ஸ்கூட்டரில் பறந்தோம். அவர் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஏழுமலையைத்தான் பார்த்தார். ஏழுமலைக்கோ இன்னும் விஷயம் விளங்கவில்லை. "நான் தான் ஃபுல்லா ஊத்துனேன். போட்டு குடிக்குது, ஜெனரேட்டர் குடிக்குது. இது மட்டும் இன்னா, பெரிய எடத்துப் பொண்ணா?" என்றார்.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் காலி கேனையும் பார்த்தார், வீட்டுக்காரர் முகத்தையும் பார்த்தார். அதற்குள் ஒரு ஆட்டோக்காரர் வந்து, "யக்கா, ஏறு, கூடையோட இட்னு போய் வுட்றேன்" என்றார். ரொம்ப நாள் அந்த வார்த்தைக்காக நின்ற இடம் அது. ஏறிவிடுவாரோ என்று எனக்கே பக் என்றது. அக்கா ஐஸ் பெட்டியை இறக்கி ஆட்டோவில் வைத்தார். வீட்டுக்காரரையும் அதன் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு திரும்பி வந்து ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

"மீன ஏத்திக்கினு போ நைனா, இந்த ஆளையும் ஏத்திக்கினு போ. நான் என் வண்டில தான் வருவேன். நீங்க தள்ளிக்கினு வந்தாலும் சரி."

தள்ளிக்கொண்டுதான் போனோம். ஸ்டாண்டில் இருந்த பாக்கி ஆட்டோக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள்.

இன்னா கோளாறு?

டேங்கைக் காலி செய்து, பைப்பெல்லாம் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றியதும் வெள்ளைக் கார் பழையபடி ஓட ஆரம்பித்தது. சாம்பல் டீசல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. டயருக்கு அடியில் பூனை குட்டி போட்டுவிட்டது. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் பார்த்தார்.

அன்று எதையும் வாங்காமல் போன சேவியர் அய்யா ஒரு நாள் மறுபடியும் வந்தார். மகளை நெல்லூரில் கட்டிக்கொடுத்துவிட்டாராம். இனி வாராவாரம் போய் வரவேண்டுமாம். எனக்கு வாயெல்லாம் பல். இந்த வேலைக்கு வந்து முதல்முறையாக, ஒருவர் கேட்ட வண்டியும் அவருக்கு ஏற்ற வண்டியும் ஒன்றாக இருந்தன. "அய்யா, கண்ணை மூடிக்கிட்டு டீசலை எடுங்க" என்றேன். அய்யா கண்ணை மூடவில்லை, சுருக்கிக்கொண்டார்.

"அன்னிக்கு வேணா வேணான்ன. இன்னிக்கு எடு எடுன்ற. உண்மைய சொல்லு, இன்ஜின்ல இன்னா கோளாறு?"

இறங்காத வண்டி

அய்யா அதை எடுத்துப்போன பிறகு ஒரு நாள், வெள்ளைக் கார் யார்டு வாசலில் வந்து நின்றது. அஞ்சலை அக்கா ஓட்டிவந்தார். உள்ளே இன்னும் மூன்று மீன்கார அக்காக்கள், மடியில், காலடியில், சீட்டுக்கு நடுவில் கூடைகள். எனக்காக வஞ்சிரத் துண்டு கொண்டுவந்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் நெத்திலி, சங்கரா, இறால் எல்லாம் சேர்ந்து என்னை வரவேற்றன.

நான் ஏழுமலையைப் பற்றி விசாரித்தேன். அக்கா சிரித்துக்கொண்டே வண்டியின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனார். டேங்க் மூடியில், போட்டுக்குப் பெயர் எழுதுகிற நீலப் பெயிண்டில், கொட்டை எழுத்தில் 'டீசல் ஊத்தாதே' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீனும் வரைந்திருந்தார். ஏழுமலையே எழுதினாராம்.

யார்டுக்காரியின் புத்தி சும்மா இருக்குமா? "அக்கா, இந்த வாசனையோட, இந்த பெயிண்டோட நாளைக்கு விக்கப் போனா எவனும் வாங்க மாட்டான்" என்றேன். அக்கா பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்த மூவரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"விக்கவா வாங்குனேன்? எங்கள எவனும் எறங்குன்னு சொல்லக்கூடாதுன்னு வாங்குனேன் தங்கச்சி."

தொண்டை வறள நான் சொல்லிவரும் பெட்ரோல் டீசல் புத்திமதியை ஊரிலேயே ஒரே ஒருவர்தான் எழுதிவைத்திருக்கிறார், அதுவும் ஒரு கேன் டீசலை ஊற்றிப் பார்த்த பிறகு.