இலைப் படம் போட்ட பாட்டில்

தொழிற்சாலையில் அவளை எல்லாரும் லேபிளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம் என்று எதுவானாலும் கடைசியில் அவளுடைய லேபிள் ஒட்டும் இயந்திரத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சுருளை மாட்டுவாள், ஓரம் பிசகாமல் பார்ப்பாள், கோணலாக ஒட்டியதை ஓடுகிற வரிசையிலிருந்து ஒரே கையால் பொறுக்கி எடுப்பாள். பதினோரு வருடப் பழக்கம். வீட்டுச் சுவரில் காலண்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இலைப் படம் போட்ட பாட்டில்கள் ஓடிக்கொண்டிருந்தன. செடிகளிலிருந்து எடுத்தது, மண்ணுக்கும் கைக்கும் கெடுதல் இல்லாதது என்று லேபிளில் எழுதியிருக்கும். வழக்கமாக அந்தத் திரவம் நுரையில்லாமல் அமைதியாக நிரம்பும். அன்று பாட்டில் கழுத்துவரை நுரை பொங்கி வெளியே வழிந்தது. ஈரப் பாட்டிலில் லேபிள் ஒட்டாது, சுருங்கிக்கொள்ளும். துணியை வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நாற்பது பாட்டில் வீணான பிறகு வரிசையை நிறுத்திவிட்டுக் கலவை அறைக்குப் போனாள்.

அங்கே எப்போதும் நிற்கும் நீலப் பீப்பாய்கள் இல்லை. சாதாரணத் திரவத்துக்கான வெள்ளைப் பீப்பாய்கள்தான் சுவரோரம் வரிசையாக நின்றன. கலவைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"சரக்கு வரலக்கா. துறைமுகத்துல நிக்குதாம். வர்ற வரைக்கும் இதையே போடச் சொல்லிட்டாங்க. கலரும் வாசனையும் மட்டும் சேத்துடறோம்."

"அப்போ லேபிள்?"

"அது உங்க பக்கம்."

அவள் திரும்பி வந்தாள். துணியை இரண்டாக மடித்துக்கொண்டு துடைத்து ஒட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் எத்தனை ஆயிரம் போனது என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

இதில் வீட்டு விஷயமும் சிக்கியிருந்தது. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருடைய தங்கை, பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளை வரிசைப்படுத்துகிறவள், இவர்களோடுதான் இருந்தாள். லேபிளக்காவின் ஒன்பது வயது மகளுக்குக் கைத்தோல் வெடித்து எரிச்சல் வருவது வழக்கம். பென்சில் பிடிக்க முடியாமல் பள்ளியில் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சோப்பு விஷயத்திலும் கொஞ்சம் கவனமாக இருங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்த ஒவ்வொரு பாட்டிலின் பின்பக்கத்தையும் படித்தாள். பாதியை வெளியே அனுப்பினாள். பிளாஸ்டிக் டப்பாக்கள் போய் எவர்சில்வர் வந்தது. கடைக்குப் போக துணிப்பை வந்தது. மூங்கில் பிரஷ் வந்த அன்று அவள் அண்ணன் மட்டும் முணுமுணுத்தார்.

"பல்லு விளக்கறேனா, வாய்க்குள்ள வீடு கூட்டறேனான்னே தெரியல."

இப்படித் தேடித் தேடிக் கடைசியில் அவள் கண்டுபிடித்ததுதான் இலை பாட்டில். அது அண்ணி வேலை பார்க்கும் இடத்திலேயே தயாராவது தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதத்தில் குழந்தையின் கையும் ஆறியது. அதன் பிறகு கேட்க வேண்டுமா? குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகளைச் சேர்த்தாள். குழாய் வைத்த பெரிய கேனாக வரவழைத்து நடைபாதையில் வைத்தாள். சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு காலி பாட்டிலோடு வருவார்கள். புனல் வைத்து ஊற்றிக் கொடுப்பாள். எங்க அண்ணி கையால் ஒட்டினது என்று கேனைத் தட்டிக் காட்டுவாள். அது உண்மையும்கூட. கேன்களுக்கு மட்டும் இயந்திரம் கிடையாது, கையால்தான் ஒட்ட வேண்டும்.

அந்த வாரம் நடைபாதைக்கு வந்த கேனையும் லேபிளக்காதான் ஒட்டியிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை நினைத்தாள். நாத்தனார் அன்று இன்னும் நாலு வீடு சேரப்போகிற சந்தோஷத்தில் இருந்தாள். வியாழக்கிழமை நினைத்தாள், மகளுக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமை கணவர் யாருமில்லாத நேரம் பார்த்துத் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே, ஏன் ரெண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டார். தூக்கமில்லை என்று சொல்லித் தப்பித்தாள். அவர் போன பிறகு சமையலறைக் கதவைச் சாத்தினாள். புதுக் கேனிலிருந்து நாத்தனார் நிரப்பி வைத்திருந்த இலை பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வாசனையில்லாத கட்டி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து ஊற்றி வைத்தாள். தன் பிள்ளை கைக்கு இதுவாவது செய்யலாமே என்ற எண்ணம்தான். அதற்கு மேல் அவள் அன்று யோசிக்கவில்லை.

மறுநாள் பாத்திரம் கழுவிய நாத்தனார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தத் தடவை நுரையே இல்ல பாத்தீங்களா அண்ணி? அசல்னா இப்படித்தான் இருக்கும்."

லேபிளக்கா கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் கேன் முன்னால் வரிசை நின்றது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பால் பாட்டில் கழுவ இதைத்தான் பயன்படுத்துகிறேன், குழந்தைக்கென்றால் வேறெதையும் நம்பமாட்டேன் என்றாள். கூட்டம் அதிகமாக இருந்ததால் நாத்தனார் புனலை அண்ணி கையில் கொடுத்தாள். அவளும் பிடித்தாள். திரவம் நுரைத்துக்கொண்டு இறங்கியது. குழாயின் வேகத்தில் நுரைக்கிறது என்று நாத்தனாரே எல்லாருக்கும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்து நின்றுகொள்வாள். மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடிப்பாள். வாரத் தொடக்கத்திலேயே மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார்.

"அக்கா, விஷமா கலந்திருக்கோம்? நீங்களும் நானும் சின்ன வயசுலேர்ந்து இதுலதானே தட்டு கழுவறோம். கொஞ்ச நாள்தான். புது லேபிள் அடிச்சு வர்றதுக்குள்ள சரக்கே வந்துடும்."

லேபிள் இல்லாமலாவது அனுப்பலாமே என்று கேட்டாள். லேபிள் இல்லாத பாட்டிலை எந்தக் கடை வாங்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஊரே அந்தத் திரவத்தில்தான் கழுவுகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவள் தனக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுத்த சுருளை மாட்டினாள்.

மூன்றாவது சனிக்கிழமை காலை, புதுக் கேனின் மூடியைத் திருகப் போன நாத்தனாரின் கையை அவள் பிடித்தாள்.

"கொஞ்சம் நில்லும்மா. அதைத் திறக்காத."

"ஏன் அண்ணி?"

"அதுல இருக்கறது அது இல்ல."

சமையலறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். நுரை, வெள்ளைப் பீப்பாய், மேனேஜர் தேநீர் வரைக்கும். நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் முதலில் கேட்டது இதைத்தான்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினெட்டு நாளா."

"ரெண்டு சனிக்கிழமை நான் ஊத்திக் குடுக்கறப்போ பக்கத்துலயே நின்னீங்க. புனலைக்கூடப் பிடிச்சீங்க." பிறகு, "பாப்பா கை?" என்றாள்.

"நம்ம வீட்டு பாட்டில்ல நான் வேற ஊத்தி வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் ஆகல."

அதைக் கேட்டால் நிம்மதியாவாள் என்று லேபிளக்கா நினைத்திருந்தாள். நாத்தனாரின் முகம் அப்போதுதான் மாறியது.

"அப்போ நம்ம வீட்டுக்கு மட்டும் மாத்திக்கிட்டீங்க."

 கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே நின்றார். நாத்தனார் வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். லேபிளக்கா அடுப்பை அணைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

பன்னிரண்டோடு புதிதாகச் சேர்ந்த நாலு. பதினாறு கதவு. முதல் கதவில் நாத்தனார் வாயெடுப்பதற்குள் இவளே சொன்னாள். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன், நான்தான் ஒட்டினேன், தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று. இரண்டாவது கதவில் வாக்கியம் கொஞ்சம் நேராக வந்தது. எதிர் வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த நுரை வருகிற சரக்கே தொடர்ந்து கிடைக்குமா, அதுதான் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கிறது என்றார். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினாள். சிலர் இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல் தோளைக் குலுக்கினார்கள். தையல்காரம்மா அப்படி இல்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி கதவைப் பாதி மூடிக்கொண்டே பேசினாள்.

"என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம். நான் என்ன செஞ்சிருக்கப் போறேன், வேற சோப்பு வாங்கியிருப்பேன். அவ்வளவுதானே."

அந்த அவ்வளவுதானே அவளை நாள் முழுக்க அரித்தது. நாத்தனார் அன்றிலிருந்து அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். உப்பு எங்கே என்பதைக்கூடக் குழந்தையை விட்டுக் கேட்டாள். அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவே மேலும் கீழும் போய்வந்து, லிஃப்ட் வேலை எனக்கு வீட்டிலேயும்தான் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

குடியிருப்பிலிருந்து நாலு பேர் தொழிற்சாலைக்கு எழுதினார்கள். நாத்தனார் எழுதியது மூன்று பக்கம். அதே நேரம் பெரிய கடை ஒன்றின் சரக்கு வாங்கும் அதிகாரியும் நுரையைப் பார்த்துக் கேள்வி கேட்டார். மேனேஜர் லேபிளக்காவைக் கூப்பிட்டு, வெளியே சொன்னது நீங்களா என்றார். ஆமாம் என்றாள். அவர் தேநீர் வரவழைக்கவில்லை. மறுநாள் அவளைப் பெட்டி அடைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அவள் இயந்திரத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரமே கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்தன. கொட்டி அழிக்க நிர்வாகத்துக்கு மனமில்லை. லேபிளை உரித்துவிட்டுச் சாதாரணத் திரவமாகவே விற்பது என்று முடிவானது. உரிக்க மூன்று பேரைப் போட்டார்கள், அதில் அவளும் ஒருத்தி. தண்ணீரில் நனைந்தாலும் கிழியாத பிளாஸ்டிக் தாள் அது. நல்ல லேபிள் என்று அவளே பல தடவை புகழ்ந்திருக்கிறாள். வெந்நீர்த் தொட்டியில் அரை நாள் ஊறினாலும் ஓரம் மட்டும் எழும்பும். நகத்தால் கீறி இழுத்தால் இலையின் பாதி கையோடு வரும், பாதி பாட்டிலிலேயே நிற்கும். நாலாவது நாள் அவள் விரல் நுனிகள் வெளுத்து வெடித்தன.

சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். நாத்தனார் எதிரே உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"எண்ணெய் தடவி ஊற வைங்க. பசை விட்டுடும்."

"அத்தனை பாட்டிலுக்கா?"

"அடுக்கறதுக்கு முந்தி பஞ்சுல தொட்டுத் தடவினா போதும், அண்ணி."

சொன்னபடிதான் ஆனது. எட்டு நாள் வேலை ஆறு நாளில் முடிந்தது. இரண்டு சாக்கு நிறைய இலைப் படங்கள் சேர்ந்தன. அவற்றை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சாக்குகள் இப்போதும் கிடங்கின் மூலையில்தான் கிடக்கின்றன.

மாதக் கடைசியில் நீலப் பீப்பாய்கள் வந்து சேர்ந்தன. இலை பாட்டில் மறுபடி கடைக்குப் போகிறது. உள்ளே இருப்பது அசல்தானா என்று அக்கம்பக்கத்தில் அவளைத்தான் கேட்கிறார்கள். நேற்றுவரை அசல் என்று கலவைக்காரரிடம் விசாரித்துச் சொல்கிறாள். இன்றைக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். நடைபாதையில் கேன் வைப்பது நின்றுபோனது. வீட்டில் கட்டி சோப்புதான். அதிலும் மகளுக்குக் குளிர்காலத்தில் கை மறுபடி வெடித்தது. சில தோல் அப்படித்தான், சோப்பு மட்டுமே காரணமில்லை என்றார் டாக்டர். அப்படியானால் முன்பு ஆறியது எதனால் என்று நாத்தனார் கேட்டாள். அவர் களிம்பைத் தொடரச் சொன்னார்.

போன வாரம் குடும்பத்தோடு கடைக்குப் போனார்கள். தரை துடைக்க எதையாவது வாங்க வேண்டும். அந்த வரிசையில் இலை, பூ, துளி, பச்சைக் கை என்று படம் போட்ட பாட்டில்கள் அடுக்கி இருந்தன. நாத்தனார் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் படித்துக் காட்டினாள். லேபிளக்கா அதை வாங்கிக் குலுக்கினாள், நுரையைப் பார்த்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். கணவர் தள்ளுவண்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கடை மூடுவதற்குள் ஏதாவது ஒன்றை எடுங்கள் என்றார். கடைசியில் ஒன்றை எடுத்தார்கள். பணம் கட்டும் இடத்தில் அவர்கள் முறை வந்தபோது அவள் அந்த பாட்டிலை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைக்க அதே அடுக்குக்கு நடந்தாள். நாத்தனாரும் பின்னாலேயே போனாள்.