பேன் குடித்த ரத்தம்

மீன்வளத் துறையில் ஓய்வு பெற்று உத்திரமேரூரில் குடியிருக்கிறேன். மீன் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும் மீன் பேனை ஒழிக்கும் நடைமுறை எனக்கு மனப்பாடம். குளத்தில் மூங்கில் கழி நட வேண்டும். பேன் அதில் முட்டையிடும். பிடுங்கிக் காயப்போட வேண்டும். அடங்காவிட்டால் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். பதில் வரும்போது குளத்தில் பெரும்பாலும் மீனே இருக்காது. மீன் இல்லையென்றால் பேனும் இல்லை, பிரச்சினை தீர்ந்தது.

பக்கத்துக் கழனிக்காரர் நெல் போட்ட நிலத்தில் இரண்டு குளம் வெட்டி ரோகு மீன் வளர்க்கிறார். போன வருஷம் மீனெல்லாம் பேன் கடித்துப் புண்ணாகி, வியாபாரி கையால்கூடத் தொடவில்லை.

"இந்த வாட்டியும் பேன் வந்துச்சுன்னா, ரெண்டையும் மண்ணு கொட்டி மூடிட்டு நெல்லே போட்டுடுவேன் சார்" என்றார்.

அப்போதுதான் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி, பேனுக்கு எதிரான தடுப்பூசியை அங்கே சோதிக்க அனுமதி கேட்டு வந்தாள். மீனுக்கு ஊசியா என்று சிரித்தேன். அவளோ கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீன்களை மயங்க வைத்து, ஒவ்வொன்றாக வயிற்றில் குத்தினாள். ஒரு குளத்து மீனுக்கு மருந்து. மற்றதற்கு வெறும் உப்புத்தண்ணீர்.

கழனிக்காரரின் மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னாமா இது, இந்தப் பந்திக்கு சோறு, அந்தப் பந்திக்கு வெறும் இலையா?"

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்க்கா."

மழைக்குப் பிறகு வலை இழுத்தோம். இரண்டு குளத்திலும் பேன். கழனிக்காரர் கரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டம் தோற்பதைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வேன். அதில் எனக்கு நீண்ட அனுபவம்.

அவர் மனைவியின் கை சும்மா இருக்கவில்லை. பேனைக் கண்டால் இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே வைத்து நசுக்கியே பழகிய கை. மீன்மேல் இருந்ததை எடுத்து நசுக்கிக்கொண்டே போனார்.

"அக்கா, நசுக்காதீங்க. எனக்கு அதுங்க உயிரோட வேணும்."

"பேனை உயிரோட கேக்கற மொத ஆளு நீதாம்மா. வூட்ல சொல்லிட்டுத்தான் வந்தியா?"

தப்பிய பேன்களைக் குளம் வாரியாக இரண்டு தம்ளரில் போட்டு, மோட்டார் கொட்டகையில் வைத்திருந்த நுண்ணோக்கியில் காட்டினாள். மீன் பேன் கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். உப்புத்தண்ணீர்க் குளத்துப் பேனுக்குள் ரத்தம் நிறைந்த குடல் கிளை கிளையாகப் பிரிந்து ஓடியது. முட்டைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. மருந்துக் குளத்துப் பேனுக்குள் அந்தக் கிளைகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. முட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"பேன் ஒட்டறதை இது தடுக்காது சார். ஊசியால எதிர்ப்புச் சக்தி வந்த ரத்தத்தைக் குடிச்ச பிறகு, அந்த ரத்தமே பேனோட குடலைக் கெடுக்கும்."

மீன் கை இல்லாத ஜீவன். தட்டிவிட முடியாது, சொறிந்துகொள்ள முடியாது. தன்னைக் குடிப்பதன் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சண்டை போடுகிறது. பணிக்காலம் முழுக்க மீனை எடையாகவே பார்த்தவன் நான். கண்ணை எடுக்க முடியவில்லை.

"சார், கொஞ்சம் நவுருங்க" என்று தோளைத் தட்டினார் கழனிக்காரர். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "முட்டை கம்மின்னா, வர்ற வருஷம் பேனும் கம்மியாவுமா?"

"ஆகலாம். இதை மட்டும் வெச்சு உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

எங்கள் அலுவலகத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத பதில்.

அவர் எழுந்துபோய், வலையில் பிடித்துத் தொட்டியில் விட்டிருந்த மருந்துக் குளத்து மீன் ஒன்றை இரு கையாலும் தூக்கினார். செவுளுக்குப் பக்கத்தில் ஒரு பேன் ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி விரலை நீட்டினார்.

"வுடு, குடிக்கட்டும்" என்று மீனைக் குளத்துத் தண்ணீரில் இறக்கினார். "நெல்லு இன்னொரு வருஷம் பொறுத்துக்கும்."