மாடி ரூம்ல போட்ட கோடு

அது மட்டுமா மைனி, கதவச் சாத்திக்கிட்டுல்லா கோடு போடுதான்! என் மூத்தவனத்தான் சொல்லுதேன். ஆபீஸ்ல இருந்து வந்ததும் காப்பியக் கையில வாங்கிக்கிட்டு நேரா மாடி ரூமுக்குப் போயிருதான். ஒரு வாரமா இதே கூத்து. மருமகள்ட்ட கேட்டா, "எனக்கு என்னத்த தெரியும்த்தே"ன்னு சிரிக்கா. அவ சிரிச்சாலே ஏதோ நடக்கப் போவுதுன்னு அர்த்தம். போன வருசம் இப்படித்தான் சிரிச்சா, மறுநாளு என் ஆட்டுக்கல்லு பொறவாசல்ல கெடக்கு. அது கெடக்கட்டும்.

முந்தாநேத்து அவன் ஆபீஸ் போன பெறகு, துணி காயப்போடுத சாக்குல மேல ஏறிப் பாத்தேன். தரையில நூல் பிடிச்சு சுண்ணாம்புப் பொடி தூவியிருக்கு மைனி! வீடு கட்ட வானம் தோண்டுததுக்கு முன்னால கொத்தனாரு போடுவாருல்லா, அதே மாதிரி. பக்கத்துல பெரிய தாளு. அது நெறையக் கோடு, கோட்டுக்குப் பக்கத்துல நம்பரு. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, நம்பரு தெரியும், பஸ்ஸு ஏறணும்லா? கோடு அப்படியே போயி, எளையவனுக்குன்னு ஒதுக்குன அடுத்த ரூமு செவுத்துல முட்டுது. அங்கன குறுக்க ரெண்டு கீறலு.

வீட்டப் பிரிக்கான், நடுவுல செவுரு எழுப்பப் போறான், ரெண்டு அடுப்பு எரியப் போவுதுன்னு நெனச்சேன். ஆடித்தவசுத் திருநாளுக்கு எளையவன் வந்தப்ப ரெண்டு பேரும் மொகங் குடுத்துப் பேசலயே, நீங்களும் பாத்தியல்லா? தண்ணித் தொட்டிய எந்த மூலையில வைக்கன்னு சண்டை.

எளையவன் புளியங்குடியில எலுமிச்சங்கா மண்டியிலல்லா இருக்கான்? போனப் போட்டு, "ஏலே, ஒங்கண்ணன் வீட்ட அளந்துட்டான், ஒடனே வா"ன்னேன். சாயங்காலமே வந்துட்டான், சட்டையெல்லாம் எலுமிச்ச வாசம். அண்ணன் இருந்த ரூமுக்குத் தடதடன்னு ஏறுனான். நான் படியில உக்காந்து காதக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

பொறவு எளையவன் கத்துதான்: "வளைவ இம்புட்டு இறுக்கமா போட்டா பெட்டி கவுந்துரும்ண்ணே!"

என்ன பெட்டின்னு போய்ப் பாத்தா, ரெண்டு தடிமாடும் தரையில குப்புறக் கெடக்கு. மூத்தவன் கையில சாண் நீளத்துல ரயில் இஞ்சினு! பொம்மை ரயிலு ஓட, தண்டவாளம் எப்படிப் போவணும்னுதான் இத்தன கோடாம். அம்பத்திரெண்டு வயசு மைனி, தலையில முடி கெடையாது! நான் சிரிப்பேன்னு மறைச்சானாம்.

"நம்மூரு ஸ்டேசன் எங்கனலே?"ன்னேன். காட்டுனான், ஒத்தத் தண்டவாளம். "எதுக்க ராசபாளையத்து வண்டி வந்தா இது எங்கன ஒதுங்கும்? கிராசிங்குக்கு நாங்க எத்தன தடவ காத்துக் கெடந்திருக்கோம்!"

"எம்மா சொல்லுதது சரிதாம்லே"ன்னு மூத்தவன் ரப்பர எடுத்தான். ஆனா ரெண்டாவது தண்டவாளத்துக்கு எடம் பத்தல. "அடுத்த ரூம் வழியா சுத்தி வந்தா பத்தும். செவுத்துல ஓட்டை போடணும். எடம் பத்தாதுன்னு மொதல்லயே அங்க கீறி வச்சிருக்கேன், தம்பிகிட்ட எப்படிக் கேக்கன்னு..."ன்னு இழுத்தான்.

எளையவன் சொல்லுதான், "ஓட்டை தானண்ணே? பெரிசாவே போடு!"

எனக்கு உள்ளுக்குள்ள அம்புட்டுச் சந்தோசம். ஆனாலும் இந்தத் தடிமாடுகள முழுசா நம்ப முடியல மைனி, ஓட்டைன்னு சொல்லிச் செவுத்தையே சாச்சிருவானுவ. நாளைக்குக் கொத்தனாரு வாராராம். ஒரு முழத்துக்கு மேல ஒடைக்க விடமாட்டேன், பக்கத்துலயே நின்னு... அந்தா, குழாயில சத்தம் கேக்கு! தண்ணி வந்துட்டு மைனி, கொடத்த எடுக்கப் போறேன்.