சன்னல் கம்பியில் உரிந்த பச்சைப் பெயிண்ட்

கோவில்பட்டியில் நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்குத் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி தன் இரண்டு வயது மகளை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். ஒரு நாள் காலையில் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, மருந்து குடுத்தும் பிள்ளைக்கு ரத்தம் ஊற மாட்டேங்கு. பெயிண்டு கியிண்டு திங்குதாளான்னு டாக்டர் கேட்டாவ. ரத்தத்துல காரீயம் இருக்கான்னு பாக்கணுமாம். இங்கன எதையும் கடிக்காளா?"

மத்தியானம் தூங்கி எழுந்ததும் அந்தப் பிள்ளை சன்னல் கம்பியைக் கடித்தபடி தெருவைப் பார்த்து நிற்பாள். கம்பியில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"கம்பியக் கடிப்பாம்மா" என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

உரிமம் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சான்று கேட்பார்கள், கட்டட உறுதிச் சான்று கேட்பார்கள். காரீயத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்றே அந்த அறையைப் பூட்டினேன். உரிந்த பெயிண்டையும் குழாய்த் தண்ணீரையும் மதுரையில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு வரும்வரை உட்கார முடியவில்லை. துடைத்த தரையையே ஈரத்துணியால் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரில் ஒன்றுமில்லை. பெயிண்டில்தான் காரீயம் அதிகம்.

"மேல ஒரு கோட்டிங் அடிச்சிருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

"பிள்ளை கடிச்சா அதுவும் சேந்துல்லா உரியும், அண்ணாச்சி."

அவர் அங்கிருந்தே ஆசாரிக்குப் போன் போட்டார். மறுவாரம் சன்னல்களை முழுசாகக் கழற்றிவிட்டுப் புதிது வைத்தார்கள். அதுவரை பிள்ளைகளைப் பக்கத்துத் தெருச் சமுதாயக் கூடத்தில் வைத்திருந்தேன்.

ஒருவனைத் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்தோம். அந்தச் சிறுமிக்கு மட்டும் அதிகம் இருந்தது. கம்பியை விட்டு விலகியதும் சில மாதங்களில் குறைந்தது. "இன்னும் பாக்கணும்னு சொல்லுதாவ" என்றாள் தாய்.

அந்த ஒருவன், வேறொரு வீட்டுப் பையன். செய்தி கேட்ட கோபத்தில் அவனுடைய அப்பா அவனைத் தன் ஊரான புதூருக்குக் கூட்டிப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் நேரிலேயே போனேன். ஆடுகளைத் தொழுவத்தில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ பாத்துருவோம். ஒண்ணும் இல்லன்னா நானும் நிம்மதியா இருப்பேன்" என்றேன்.

அவர் தொழுவத்தைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது பையனுக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"ஏறுங்க, பைக்குலயே போயிருவோம்."