டோரதி டீச்சரின் குரல்

டோரதி மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபத்தாறு வருஷம் கத்திக் கத்திப் பாடம் எடுத்த தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். 2008இல், ஆபரேஷனுக்கு முந்தின நாள், அவளை வார்டு ஜன்னலோரம் உட்காரவைத்து, புருஷன் நத்தானியேல் செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டார். அவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க்.

உயிர் தங்கியது. கழுத்தில் ஒரு துளை. பேச்சுக்குப் பதில் சின்ன நோட்டும் பென்சிலும்.

ஒரு வருஷம் அந்த வீடியோவைத் திறக்க நத்தானியேலுக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் போன் மழையில் நனைந்து செத்துப்போனது. தப்பிய மெமரி கார்டைப் புதுப் போனில் போட்டார். டோரதி சிரித்தாள், தலைமுடியை ஒதுக்கினாள், பேசினாள். சத்தம் மட்டும் வரவில்லை. இந்த ஆடியோ ஃபார்மட் சப்போர்ட் ஆகாது என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. படத்திலும் ஊமையாகிவிட்டாளே என்றிருந்தது அவருக்கு.

பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருந்த நிசார் அஹமது, கார்டை கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். குரல் எங்கேயும் போகவில்லை, பழைய போன் பதிந்த விதம் புதுப் போனின் பிளேயருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் என்றார். படத்தைத் தொடாமல் ஆடியோவை மட்டும் வேறு ஃபார்மட்டுக்கு மாற்றினார். முதல் தடவை, வாய் மூடிய பிறகு பேச்சு வந்தது. நத்தானியேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை சரியாகப் பொருந்தியது.

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல உங்க பேர ஒரு வாட்டி கூட சொன்னதில்ல. இப்ப சொல்லிட்றேன். நத்தானியேல்... நத்தானியேல்."

நிசார் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

டோரதியும் சந்தோஷப்படுவாள் என்றுதான் நத்தானியேல் வீட்டில் போட்டுக் காட்டினார். குரலோடு சேர்ந்து அவள் உதடும் அசைந்தது. கழுத்துத் துளையிலிருந்து வெறும் காற்று வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டில் எழுதினாள்: 'இவ பேசுறா. நான் இன்னா பண்றது? எனக்கு இனிமே போடாதீங்க.'

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்காகச் செய்ததாகத்தான் நினைத்திருந்தார்.

ஆனால் விட முடியவில்லை. கம்பெனியில் மதிய இடைவேளையில் அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் போய், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். ஒருநாள் தன்னையறியாமல் "இன்னா டோரதி?" என்று பதில் சொல்லிவிட்டார். யாரும் இல்லை. அப்படியும் கூசிப்போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில், போனைத் தொடாமலே, அந்தக் குரல் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து டோரதி இரண்டு முறை கை தட்டினாள். இப்போதெல்லாம் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவாள். அவருக்கு உறைத்துத் திரும்பியபோது, டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.